கிணற்று நீச்சல்காரர்கள் பவளத்திட்டில் இறங்கும் முன்

கிருஷ்ணகிரியிலிருந்து எந்தக் கடலுக்குக் கிளம்பினாலும் அரை நாள் பயணம். ஆனாலும் தண்ணீருக்குள் மூழ்குவது எங்கள் பக்கத்து ஆட்களுக்குப் புதிதில்லை. காவேரிப்பட்டணம், போச்சம்பள்ளி, பர்கூர் பக்கத்து மாந்தோப்புக் கிணறுகளில் நீச்சல் பழகியவர்கள் என் வயதில் நிறையப் பேர் உண்டு. முதுகில் காய்ந்த சுரைக்குடுக்கை, இடுப்பில் கயிறு, கயிற்றின் மறுமுனை மேலே நிற்கும் அப்பாவின் கையில். கோடை முடிவதற்குள் குடுக்கை போய்விடும், கயிறும் போய்விடும். அப்புறம் போட்டியே வேறு: அடிவரைக்கும் போய் ஒரு பிடி சேறு எடுத்து வருவது. மோட்டாரின் ஃபுட்வால்வில் தழை அடைத்துக்கொண்டால் அப்பா ஆள் தேட மாட்டார், அவரே மூழ்கிச் சுத்தம் செய்துவிட்டு வருவார்.

காற்றுச் சிலிண்டரை முதுகில் கட்டிக்கொண்டு கடலுக்குள் மூழ்கும் ஸ்கூபாவை அந்தமானில் கற்றுக்கொண்டு வந்தபிறகு ஊரில் பலரும் என்னிடம் சொல்வது, "நமக்குத்தான் நீச்சல் தெரியுமே, இதுல என்ன இருக்கு?" என்றுதான். நீச்சல் தெரிந்திருப்பது பெரிய உதவி. ஓப்பன் வாட்டர் என்ற முறையான முதல்நிலைப் பயிற்சியில் 200 மீட்டர் நீந்திக் காட்டச் சொல்வார்கள், பத்து நிமிடம் மிதக்கச் சொல்வார்கள். கிணற்றில் வளர்ந்தவர்களுக்கு அது ஒரு பொருட்டே இல்லை. ஆனால் கிணறு சொல்லிக்கொடுத்த ஒரு பழக்கத்தைக் கரையிலேயே கழற்றி வைத்துவிட்டுத்தான் கடலில் இறங்க வேண்டும். மூச்சை அடக்கும் பழக்கம் அது. அதை விட்டவர்களுக்கு உயிருக்கும் பாதுகாப்பு, பார்க்கக் கிடைப்பதும் அதிகம். இந்த இரண்டாவது விஷயத்தை யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை. அதனால்தான் எழுதுகிறேன்.

கிணற்றில் மூழ்கும்போது மேலே இழுத்த மூச்சைத்தான் கீழே கொண்டுபோகிறோம். ஆழம் கூடக் கூட அழுத்தம் ஏறி நுரையீரலில் உள்ள காற்று சுருங்கும், மேலே வந்ததும் பழைய அளவுக்குத் திரும்பும். எவ்வளவு நேரம் அடக்கினாலும் நுரையீரல் தன் அளவைத் தாண்டி விரியாது. ஸ்கூபாவில் அப்படி இல்லை. நாம் எந்த ஆழத்தில் இருக்கிறோமோ அந்த ஆழத்து அழுத்தத்தில், வாயில் கடித்துக்கொள்ளும் ரெகுலேட்டர் சிலிண்டர் காற்றைக் கொடுக்கிறது. கடலில் பத்து மீட்டர் இறங்கினாலே அழுத்தம் மேலே இருப்பதைப் போல இரண்டு மடங்கு. அங்கே நெஞ்சு நிறைய இழுத்து, அதை அடக்கிக்கொண்டு மேலே வந்தால், அதே காற்று இரண்டு மடங்கு இடம் கேட்கும். நுரையீரல் கிழியலாம். காற்றுக்குமிழ் ரத்தத்தில் ஏறி மூளைவரை போகலாம்.

இதில் பலரும் தலைகீழாகப் புரிந்துகொள்ளும் ஒன்று உண்டு. ஆழமில்லாத இடம்தானே, இந்த விதி அவ்வளவு முக்கியமில்லை என்று நினைப்பார்கள். கணக்குப் போட்டுப் பாருங்கள். இருபது மீட்டரிலிருந்து பத்து மீட்டருக்கு வரும்போது காற்று ஒன்றரை மடங்காகிறது. பத்திலிருந்து மேலே வரும்போது இரண்டு மடங்காகிறது. கடைசிப் பத்து மீட்டரில்தான் மாற்றம் அதிகம். அமைதியான, கழுத்தளவிலிருந்து மெதுவாகச் சரியும் திட்டிலும் மூச்சை அடக்கக் கூடாது, மேலே வரும்போது அவசரப்படக் கூடாது. நிமிடத்துக்கு ஒன்பது மீட்டருக்கு மேல் ஏறக் கூடாது என்று சொல்லிக்கொடுப்பார்கள். ஐந்து மீட்டரில் மூன்று நிமிடம் நின்றுவிட்டு வருவதும் வழக்கம்.

எனக்குச் சொல்லிக்கொடுத்த பையன் போர்ட் பிளேரிலேயே பிறந்து வளர்ந்த தமிழ்ப் பையன். "அக்கா, பயம் வந்தாலும் மூச்சு விடுங்க. ஏதாவது பாத்து சந்தோஷம் வந்தாலும் மூச்சு விடுங்க. நிறுத்த மட்டும் நிறுத்தாதீங்க" என்று தண்ணீரில் இறங்கும்வரை சொல்லிக்கொண்டே இருந்தான். சந்தோஷத்தை அவன் சேர்த்துச் சொன்னதன் அர்த்தம் பிறகுதான் விளங்கியது. அழகான எதையாவது பார்த்ததும் கிணற்றுக்காரர்களின் உடம்பு தானாகவே மூச்சைப் பிடித்துக்கொள்கிறது. என்னோடு வந்த அக்கா மகள் ஓசூரில் அடுக்குமாடி வீட்டில் வளர்ந்தவள், கிணற்றை எட்டிப் பார்த்ததோடு சரி. அவள் முதல் நிமிடத்திலிருந்தே சீராக மூச்சு விட்டாள். "சித்தி, எனக்கு மறக்கிறதுக்கு ஒண்ணும் இல்லையே" என்றாள். அவள் சிலிண்டரில் காற்று என்னுடையதைவிட எப்போதும் அதிகமாகவே மிச்சமிருந்தது.

ஊரிலிருந்தே செய்யக்கூடிய பயிற்சி ஒன்று உண்டு. தினமும் கொஞ்ச நேரம் உட்கார்ந்து வாயால் மெதுவாக இழுத்து, இழுத்ததைவிட நீளமாக விடுங்கள். ரெகுலேட்டரில் மூச்சு வாயால்தான். அந்த நீளமான வெளிமூச்சு பழகிவிட்டால் காற்றும் மிஞ்சும், பதற்றமும் குறையும். அப்புறம், பிள்ளைகள் கிணற்றில் மூழ்குவதற்கு முன் வேகவேகமாகப் பல தடவை மூச்சிழுத்துவிட்டு இறங்குவார்கள், அதை இன்றே நிறுத்தச் சொல்லுங்கள். அப்படிச் செய்தால் ரத்தத்தில் கார்பன் டை ஆக்சைடு குறைந்து, மூச்சு வேண்டும் என்ற தவிப்பு தள்ளிப்போகிறது. ஆக்சிஜன் தீர்ந்துபோவது உடம்புக்குத் தெரியாது. எந்த எச்சரிக்கையும் இல்லாமல் தண்ணீருக்குள்ளேயே மயக்கம் வரும். நன்றாக நீந்தத் தெரிந்த பிள்ளைகள் கிணற்றில் போய்விடுவதற்கு இது ஒரு காரணம்.

சரி, எங்கே இறங்குவது? முதல் டைவ் ஆழமான, நீரோட்டம் உள்ள, பெரிய மீன்கள் வரும் இடமாக இருக்க வேண்டும் என்று ஆசைப்படாதீர்கள். ஆழம் கூடினால் காற்று சீக்கிரம் தீரும், வெளிச்சம் குறையும், கவனமெல்லாம் கருவிகள் மேலேயே இருக்கும். நாங்கள் தேர்ந்தெடுத்தது அந்தமானின் ஹேவ்லாக் தீவு. 2018-இல் அதற்கு ஸ்வராஜ் தீவு என்று பெயர் மாற்றினார்கள், ஆனால் படகுத்துறையில் இன்னும் ஹேவ்லாக்தான். பெங்களூரிலிருந்தும் சென்னையிலிருந்தும் போர்ட் பிளேருக்கு விமானம் இருக்கிறது. 2024 முதல் அந்த ஊருக்கு ஸ்ரீ விஜயபுரம் என்று பெயர். அங்கிருந்து ஹேவ்லாக்குக்குப் படகு. கிருஷ்ணகிரிக்காரர்களுக்குப் பெங்களூர் பக்கம், ஊத்தங்கரை, திருப்பத்தூர் பக்கத்தவர்கள் சென்னைக்குப் போவதும் உண்டு.

ஹேவ்லாக்கில் கரையிலிருந்து நடந்தே இறங்கக்கூடிய ஒரு திட்டு இருக்கிறது. நீமோ ரீஃப் என்பார்கள். மணல் தரை, நடுநடுவே பவளக் குன்றுகள், மெதுவான சரிவு. பயிற்சி எடுப்பவர்களைப் பெரும்பாலும் அங்கேதான் கூட்டிப்போகிறார்கள். பெரிய மீன் பார்க்க வந்தவர்களுக்கு அது சப்பென்று இருக்கும். நிதானமாகப் பார்க்கத் தெரிந்தவர்களுக்கு அதைவிட நல்ல இடம் கிடைக்காது என்பது என் கருத்து. டிசம்பரிலிருந்து ஏப்ரல்வரை கடல் அமைதியாக இருக்கும். காலையில் முதல் ஆளாக இறங்கக் கேளுங்கள். பத்து மணிக்கு மேல் புதிதாக வருபவர்களின் கால்கள் மணலைக் கிளப்பிவிடும், பிறகு இரண்டு முழத்துக்கு அப்பால் எதுவும் தெரியாது.

போட்டோவுக்காக மட்டும் நடத்தும் டைவும் உண்டு. பயிற்சி இல்லாதவரின் சிலிண்டரைப் பின்னாலிருந்து பிடித்துக்கொண்டு, கொஞ்ச தூரம் தள்ளிக்கொண்டுபோய், மீன்கள் கூடும்படி ரொட்டித் துண்டைத் தூவி, படமெடுத்துக் கொடுத்து அனுப்பிவிடுகிறார்கள். எங்களிடமும் ஒரு இடத்தில் ரொட்டி வேண்டுமா என்று கேட்டார்கள், வேண்டாம் என்று சொல்லிவிட்டு வேறு இடம் பார்த்தோம். பாசியை மேய வேண்டிய மீனை ரொட்டிக்குப் பழக்கினால் பவளத்தின் மேல் பாசி ஏறும். காசு கட்டுவதற்கு முன் இரண்டே கேள்வி கேளுங்கள்: ஒரு பயிற்சியாளருக்கு எத்தனை பேர்? மீனுக்குத் தீனி போடுவீர்களா? பதிலிலேயே இடம் எப்படி என்று தெரிந்துவிடும்.

பெண்களுக்குச் சில விஷயங்கள். இவற்றை எனக்கு யாரும் சொல்லவில்லை, அதனால் விவரமாகவே சொல்கிறேன். மூக்குத்தியைக் கழற்றிவிடுங்கள். காது அடைப்பை எடுக்க, கண்ணையும் மூக்கையும் மூடும் மாஸ்க்குக்கு மேலிருந்து மூக்கைப் பிடித்து அழுத்த வேண்டியிருக்கும், மூக்குத்தி குத்தும். மெட்டியும் வேண்டாம், காலில் மாட்டும் துடுப்பான ஃபின்னுக்குள் விரல் தேய்ந்து புண்ணாகும். தாலிச் சங்கிலியைக் கழற்ற மனமில்லாதவர்கள் வெட்சூட் என்ற ரப்பர் உடைக்கு உள்ளே போட்டு மேலே ஜிப்பை ஏற்றிவிடலாம், வெளியே தொங்கினால் காற்றுக் குழாயில் சிக்கும். முடியை இறுக்கிப் பின்னிக்கொள்ளுங்கள். நெற்றியோர முடி ஒன்று மாஸ்க்குக்கு அடியில் மாட்டினாலும் அந்த வழியாகத் தண்ணீர் வந்துகொண்டே இருக்கும். உடை பற்றித் தயங்க வேண்டாம். ரேஷ்கார்ட் என்ற முழுக்கை நீச்சல் சட்டையும் லெக்கிங்ஸும் போட்டு அதற்கு மேல் வெட்சூட் போட்டால் முகமும் கையும் காலும் தவிர எதுவும் வெளியே தெரியாது. வெயிலுக்கும் அதுவே காப்பு, சன்ஸ்கிரீன் பூசிக் கடலில் கரைக்கத் தேவையில்லை. மாதவிலக்கு நாளில் இறங்கலாம். கர்ப்பமாக இருந்தாலோ, இருக்கலாம் என்ற சந்தேகம் இருந்தாலோ கூடாது.

இறங்குவதற்கு முன் ஒரு மருத்துவப் படிவம் தருவார்கள். ஆஸ்துமா, வலிப்பு, இதயக்கோளாறு, காது அறுவைசிகிச்சை என்று வரிசையாகக் கேட்டிருக்கும். ஆயிரக்கணக்கில் செலவு செய்து வந்துவிட்டோமே என்று எல்லாவற்றுக்கும் 'இல்லை' என்று டிக் போடாதீர்கள். ஊரிலேயே காது மூக்கு தொண்டை டாக்டரைப் பார்த்துவிட்டு வருவது நல்லது. காதில் எண்ணெய் விடுவது, கோழி இறகால் குடைவது எல்லாம் எங்கள் பக்கம் சாதாரணம், செவிப்பறையில் ஓட்டை இருப்பதே தெரியாமல் இருப்பவர்கள் உண்டு. சளி பிடித்திருந்தால் அன்றைக்கு இறங்கவே வேண்டாம். மாத்திரை போட்டு இறங்கினால், கீழே இருக்கும்போதே மாத்திரையின் வேலை முடிந்து, மேலே ஏறும்போது காதில் காற்று அடைபட்டுக்கொள்ளலாம்.

காதுதான் முதல் டைவில் பலரைத் திருப்பி அனுப்புகிறது. கிணற்றில் தலைகீழாகப் பாய்ந்து, காது வலியைப் பல்லைக் கடித்துத் தாங்கி, சேற்றை எடுத்துக்கொண்டு வந்துவிடுவோம். கடலில் அந்த வீரம் வேண்டாம். அங்கே பல நிமிடம் இருக்கப்போகிறோம், வலித்தபிறகு சரிசெய்வது கடினம். வலி வருவதற்கு முன்பே மூக்கைப் பிடித்து மென்மையாக ஊத வேண்டும். தலை தண்ணீருக்குள் போன உடனே ஒரு தடவை, அப்புறம் ஒரு முழத்துக்கு ஒரு தடவை. பலமாக ஊதக் கூடாது. திறக்கவில்லை என்றால் ஒரு முழம் மேலே வந்து, எச்சில் விழுங்கி, மறுபடி முயல வேண்டும். கால் கீழே, தலை மேலே என்ற வாக்கில் இறங்கினால் காது சுலபமாகத் திறக்கும். எனக்கு இடது காது எப்போதும் தாமதம். பயிற்சியாளர் ஒரு தடவைகூட அவசரப்படுத்தவில்லை. அவசரப்படுத்துபவர் கிடைத்தால் சைகை காட்டி மேலே வந்துவிடுங்கள். உள்ளங்கையைக் கீழ்நோக்கி ஆட்டி, காதைத் தொட்டுக் காட்டினால் போதும்.

சைகை என்றதும் இதையும் சொல்லிவிடுகிறேன். கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினால் 'மேலே போகலாம்' என்று பொருள், 'நன்றாக இருக்கிறேன்' என்பதல்ல. சரி என்று சொல்ல ஆள்காட்டி விரலையும் கட்டைவிரலையும் வட்டமாகச் சேர்க்க வேண்டும். ஊர்ப் பழக்கத்தில் கட்டைவிரலைத் தூக்கிவிட்டு, ஏன் மேலே கொண்டுவந்தீர்கள் என்று கேட்பவர்கள் நிறைய.

இப்போது மூச்சுக்குத் திரும்ப வருகிறேன். தண்ணீருக்குள் நம்மை ஏற்றுவதும் இறக்குவதும் மூச்சுதான். இழுத்தால் உடம்பு கொஞ்சம் எழும்பும், விட்டால் தாழும். பி.சி.டி. என்ற காற்றுச் சட்டையில் அளவாகக் காற்று வைத்து, எடை சரியாகக் கட்டியிருந்தால், சின்னச் சின்ன மூச்சிலேயே ஒரே உயரத்தில் நிற்கலாம். உப்புத் தண்ணீர் கிணற்றுத் தண்ணீரைவிட அடர்த்தி என்பதால் உடம்பு அதிகம் மிதக்கும், எடை சரிபார்ப்பதைக் கரையோரத்திலேயே பொறுமையாகச் செய்துகொள்ளுங்கள். கையைத் துடுப்புப் போல வீசுவது கிணற்றுப் பழக்கம், அதுவும் வேண்டாம். கைகளைக் கட்டிக்கொண்டு, முழங்காலை மடக்கித் தவளை போல உதைத்தால் மணல் கிளம்பாது. இவ்வளவும் வந்தபிறகுதான் திட்டு தன்னிடம் இருப்பதைக் காட்டத் தொடங்கும்.

என் யோசனை இதுதான்: திட்டைச் சுற்றி வராதீர்கள். மணல் தரைப் பக்கமோ, ஒரு பவளக் குன்றின் ஓரத்திலோ கால் மணி நேரம் அப்படியே இருங்கள்.

மணலில் முதலில் எதுவும் தெரியாது. கொஞ்ச நேரத்தில் ஒரு குழி தெரியும், குழி வாசலில் விரல் நீள மீன் ஒன்று. கே.ஆர்.பி. டேமிலும் தென்பெண்ணையிலும் மணலோடு மணலாகப் படுத்திருக்கும் உளுவை மீனின் உறவுக்கார மீன். அதன் பின்னாலிருந்து ஒரு இறால் மண்ணை வாரித் தள்ளிக்கொண்டு வெளியே வரும், கொட்டும், உள்ளே போகும், மறுபடி வரும். குழி தோண்டுவது முழுக்க அந்த இறாலின் வேலை. அதற்குக் கண் பார்வை மிக மோசம். அதனால் வெளியே வரும்போதெல்லாம் தன் நீண்ட மீசையில் ஒன்றை மீனின் உடம்பில் தொட்டபடியே வைத்திருக்கும். ஆபத்து தெரிந்தால் மீன் வாலை ஒரு சிலுப்புச் சிலுப்பும், இறால் உள்ளே ஓடிவிடும். ஆபத்து பக்கத்தில் வந்தால் மீனும் தலைகீழாகக் குழிக்குள் பாயும். மீனுக்கு வீடு, இறாலுக்குக் கண். வேகமாகப் போகிறவர்களுக்கு வெறும் மணல்தான் தெரியும், ஏனென்றால் அவர்கள் வருவதற்குள் இருவரும் உள்ளே போயிருப்பார்கள். ஒரு ஆள் தூரத்தில் தாழ்வாக நின்று, குமிழிகளைச் சிறிது சிறிதாக விட்டுக்கொண்டிருந்தால், இரண்டு மூன்று நிமிடத்தில் மீன் வெளியே வரும், அப்புறம் இறால்.

உருண்டைப் பவளங்களின் மேல் சிவப்பு, நீலம், மஞ்சள், வெள்ளை என்று விரல்நுனி அளவில் சுருள்சுருளான கூம்புகள் ஜோடி ஜோடியாக நிற்கும். கிறிஸ்துமஸ் மரப்புழு என்று பெயர். உடம்பு பவளத்துக்குள் ஒரு குழாயில் இருக்கிறது, வெளியே தெரிவது அதன் செவுளும் இரை பிடிக்கும் இழைகளும். நம் நிழல் விழுந்தால் கண் இமைக்கும் நேரத்தில் உள்ளே போய்விடும். நான் இதை என் மூச்சுக்கு அளவுகோலாகவே வைத்துக்கொண்டேன். புழுக்கள் விரிந்தபடியே இருந்தால் நான் ஒழுங்காக நிற்கிறேன் என்று பொருள். அந்த உருண்டைப் பவளம் ஆண்டுக்கு ஏறத்தாழ ஒரு சென்டிமீட்டர்தான் வளர்கிறது. நம் இடுப்பளவு குன்று என்றால், தாத்தாவின் அப்பா காலத்தில் அது முளைத்திருக்கும். ஒரு ஃபின் உதையில் உடைவது எத்தனை வருட வளர்ச்சி என்று நினைத்துக்கொண்டால் கால் தானாகவே அடங்கும்.

பூப்போல விரிந்து கொட்டும் உயிரியான கடல் சாமந்தியில் கோமாளி மீனைப் பார்க்காதவர்கள் இருக்க மாட்டார்கள். அதைப் பார்த்ததும் எல்லோரும் படமெடுத்துவிட்டுக் கிளம்பிவிடுகிறார்கள், எனக்கு அது வருத்தம். கொஞ்சம் நில்லுங்கள். அந்தக் கூட்டத்தில் எல்லாவற்றையும்விடப் பெரியது பெண், அடுத்தது அதன் ஆண் துணை, மற்றவை இன்னும் முதிராத சிறுசுகள். பெண் செத்துப்போனால் அந்த ஆண் மீனே பெண்ணாக மாறும், சிறுசுகளில் பெரியது ஆண் துணையின் இடத்துக்கு வரும். சாமந்தியின் கொட்டும் இழைகள் அவற்றை ஒன்றும் செய்யாது, மேலுள்ள வழுவழுப்புப் பூச்சு காக்கிறது. இழைகளுக்கு நடுவே இன்னும் உற்றுப் பார்த்தால் கண்ணாடி போன்ற இறால் தெரியும், உள்ளே குடல் தெரியும் அளவுக்கு ஒளி ஊடுருவும் உடம்பு. அதற்குப் பக்கத்தில் நகத்தளவு நண்டு ஒன்று இரண்டு விசிறிகளை மாற்றி மாற்றி வீசித் தண்ணீரிலிருந்து இரையை வடித்துக்கொண்டிருக்கும். அக்கா மகள் அந்த நண்டைப் பார்த்துவிட்டு, நேரம் முடியும்வரை அங்கிருந்து அசையவே இல்லை.

ஓடில்லாத கடல் நத்தைகளைத் தேடித்தான் பலர் சின்ன உயிர்களைப் படமெடுக்கும் பித்தர்களாகிறார்கள். அதில் நானும் ஒருத்தி. கறுப்பு உடம்பில் மஞ்சள் முடிச்சுகள் உள்ள ஒரு வகை அடிக்கடி கண்ணில் படும். தலையில் இரண்டு கொம்புகள், அவை மணம் உணரும் உறுப்புகள். பல வகைகளுக்கு முதுகில் பூப்போல விரிந்திருப்பது செவுள். ஒவ்வொன்றும் ஆணும் பெண்ணுமாக இருக்கிறது. சில வகைகள் கொட்டும் உயிரிகளைத் தின்று, அவற்றின் கொட்டும் செல்களைச் செரிக்காமல் தங்கள் முதுகு முனைகளில் சேமித்துத் தங்களுக்கே ஆயுதமாக வைத்துக்கொள்கின்றன. இவை இருக்கும் இடம் பெரும்பாலும் பாறையின் நிழல் பக்கம், ஸ்பாஞ்ச் எனப்படும் பஞ்சுயிரிகளின் மேல். படம் நன்றாக வர வேண்டும் என்று குச்சியால் எடுத்து வெளிச்சமான இடத்தில் வைப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். தின்னும் பஞ்சுயிரியை விட்டுப் பிரித்தால் அது மறுபடி அதைத் தேடிப் போக எவ்வளவு ஊர வேண்டும் என்று அவர்கள் யோசிப்பதில்லை. அப்படிப்பட்ட படத்தைப் பாராட்டக் கூடாது என்பதில் நான் உறுதியாக இருக்கிறேன்.

சின்ன டார்ச் ஒன்று கட்டாயம் வாங்குங்கள். பகலிலும் வேண்டும். தண்ணீர் சிவப்பை முதலில் விழுங்கிவிடும், ஐந்து மீட்டரிலேயே சிவப்பு மங்கி பழுப்பாகத் தெரியும். சாம்பல் நிறக் கல் என்று நினைத்த இடத்தில் டார்ச்சைக் காட்டினால் ரத்தச் சிவப்பில் பஞ்சுயிரி, அதன் மேல் நத்தை. மீன்களின் கண்ணில் நேராக அடிக்காமல் ஓரமாகக் காட்டினால் போதும். கேமரா எடுத்துப் போவதை, கைகட்டி அசையாமல் நிற்க வந்தபிறகு யோசிக்கலாம். முதல் நாளிலேயே கையில் கேமரா இருந்தால் மூச்சும் மறந்துபோகும், காற்று மீட்டரும் மறந்துபோகும். சிலிண்டர் வழக்கமாக 200 பார் அழுத்தத்தில் தொடங்கும், 50 பார் மிச்சமிருக்கும்போது மேலே வந்திருக்க வேண்டும்.

எதையும் தொடாதீர்கள். கல்மீனும் தேள்மீனும் பாசி படிந்த கல்லைப் போலவே கிடக்கும், முதுகு முள்ளில் கடும் விஷம். பவளம், கடல் குதிரை, ராட்சதச் சிப்பி எல்லாம் 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருப்பவை. கரையில் ஒதுங்கிய பவளத் துண்டானாலும் பையில் போடக் கூடாது, விமான நிலையத்தில் சோதிப்பார்கள். அந்தமான் பவளங்கள் 1998, 2010, 2016 ஆண்டுகளின் கடல் வெப்பத்தில் வெளிறி நிறைய அழிந்தன. பவளத்துக்குள் வாழ்ந்து உணவு தயாரிக்கும் நுண்பாசியை வெப்பம் தாளாமல் பவளமே வெளியேற்றிவிடுவதால் அந்த வெளுப்பு. தண்ணீர் குளிர்ந்தால் சில தேறும், பல தேறாது. இறந்த எலும்பின் மேல் நகத்தளவில் புதிய பவளம் பிடித்திருப்பதைப் பயிற்சியாளர் காட்டும்போது, முழங்கையை ஊன்ற இடம் தேடுகிறவர்களும் இருக்கிறார்கள். கடுமையாகவே சொல்கிறேன், ஊன்றாமல் நிற்க முடியாதவர்கள் மணலுக்கு மேலேயே இருக்கட்டும்.

கடைசியாக, எங்கள் மாவட்டத்துக்காரர்களுக்கு மட்டுமே உரிய ஒரு விஷயம். அழுத்தத்தில் மூச்சு விட்டதால் உடம்பில் கரைந்த நைட்ரஜன் முழுதும் வெளியேற நேரமாகும். அதற்குள் அழுத்தம் குறைந்த உயரத்துக்குப் போனால் அது குமிழிகளாகி மூட்டு வலி, மரத்துப்போதல், அதைவிட மோசமானவையும் வரலாம். விமானப் பயணத்துக்கு டைவர்ஸ் அலர்ட் நெட்வொர்க் என்ற டைவர்கள் பாதுகாப்பு அமைப்பு சொல்லும் இடைவெளி, ஒரே ஒரு டைவ் என்றால் குறைந்தது 12 மணி நேரம். ஒரே நாளில் பல டைவ் என்றாலோ, நாள்தோறும் இறங்கினாலோ குறைந்தது 18 மணி நேரம். ஹேவ்லாக்கில் கடைசி நாளை டைவ் இல்லாமல் வைத்து, படகில் போர்ட் பிளேர் வந்து, மறுநாள் விமானம் ஏறினால் கணக்கு சரியாக இருக்கும்.

ஆனால் புதுச்சேரியில் டைவ் செய்துவிட்டு அன்றே காரில் திரும்புகிறவர்கள் இதை யோசிப்பதில்லை, விமானம் இல்லையே என்று விட்டுவிடுகிறார்கள். அந்த விதி 2,000 அடி உயரத்திலிருந்தே பொருந்தும், அதாவது சுமார் 610 மீட்டர். ஓசூர் கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 900 மீட்டர். தளி, தேன்கனிக்கோட்டைப் பக்கமும் மேட்டு நிலம்தான். காலையில் கடலில் இரண்டு டைவ் முடித்து, செஞ்சி, திருவண்ணாமலை, ஊத்தங்கரை வழியாகக் கிருஷ்ணகிரி வந்து, சூளகிரி ஏற்றத்தில் ஓசூர் போய்ச் சேர்ந்தால், விதி சொல்லும் உயரத்தைத் தாண்டிவிடுகிறோம். கிருஷ்ணகிரியும் தர்மபுரியும் அந்த அளவுக்குக் கீழே இருக்கின்றன. ஓசூர்க்காரர்கள் அன்றிரவு புதுச்சேரியிலேயோ திருவண்ணாமலையிலேயோ தங்கிவிட்டு மறுநாள் கிளம்புங்கள். அதே வாரத்தில் ஏற்காடோ ஏலகிரியோ போகும் எண்ணம் இருந்தால் மலையை முதலில் முடித்துவிட்டுக் கடலைப் பின்னால் வைத்துக்கொள்ளுங்கள்.